ராஜாவும் ராணியும் பெற்ற குட்டி

எங்கள் வீட்டில் இரண்டு சடைநாய்கள் இருந்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், அம்மா இப்போதும் முதலில் சீப்புகளைப் பற்றித்தான் சொல்வார். ஒரு மாரிகாலத்தில் மட்டும் மூன்று சீப்புகள் பல்லுடைந்து போயின. புங்குடுதீவில் எங்கள் மடத்துவெளியில் அப்போது பாதி வளவுகள் ஆளில்லாமல் பற்றையாகக் கிடந்தன. நாய்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஒரு சுற்றுப் போய்வந்தால் வயிறெல்லாம் ஒட்டுப்புல். சமைத்து, ஆட்டுக்குக் குழை கட்டி, தோட்டத்தில் புல்லுப் பிடுங்கி, அக்காவுக்கும் எனக்கும் தலை இழுத்துவிட்ட பிறகு, அம்மா அந்த இரண்டையும் மாறி மாறி மடியில் போட்டுத் தலை இழுப்பார். "எனக்கு நாலு பொம்பிளைப் பிள்ளையள்" என்று அலுத்துக்கொள்வார். அதில் ஒன்று கடுவன் நாய் என்பதை அவர் பொருட்படுத்தியதில்லை. களைத்த மனிசிக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவற்றைக் கொண்டுவந்தவர் அம்மாவின் ஒரே அண்ணன், லண்டன் மாமா. சண்டை முடிந்து, பாதை திறந்து, வெளிநாட்டுக்காரர் தண்ணீர்ப் போத்தலும் வெயில் கண்ணாடியுமாய் வந்து போகத் தொடங்கிய காலம் அது. மாமா தன் முதல் வரவிலேயே கொழும்பில் ஒரு வீட்டில் வாங்கிய இரண்டு குட்டிகளை பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஒரே தாயின் ஒரே ஈத்தில் பிறந்த ஒரு கடுவனும் ஒரு பெட்டையும். ராஜா, ராணி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயர்தான் எல்லோருடைய கண்ணையும் மறைத்தது என்று நினைக்கிறேன். ராஜா ராணி என்றால் புருசன் பெண்சாதி. அண்ணன் தங்கை என்று யாருக்கு ஞாபகம் வரும்?

மாமா எங்கள் மேல் இவ்வளவு பட்சமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகனுக்கு எங்கள் அக்காவைத்தான் எடுப்பது என்று அக்கா தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்துவிட்டார்கள். சொந்த மச்சான், சொந்த மச்சாள். எங்கள் குடும்பத்தில் அது புதிதில்லை. அப்பாவும் அம்மாவுக்குச் சொந்த மாமன் மகன்தான். அவர்களுடைய கலியாணத்தில் பெண் பகுதி, மாப்பிள்ளை பகுதி என்று பிரித்து நிறுத்திப் படம் எடுக்கத் தெரியாமல் படக்காரர் திண்டாடினாராம். அரைவாசிப் பேர் இரண்டு படத்திலும் நிற்கிறார்கள்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனிலிருந்து மச்சான் எடுப்பார். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் கழுவினவள்போல் இருப்பாள். அவளுக்கு முழு விருப்பம். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததை வைத்து, பெற்றோர் கட்டாயப்படுத்திய சம்பந்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நாய்களைப் பற்றிய பெருமை முழுவதும் அப்பாவுடையது. ராணி பருவத்துக்கு வந்தபோது படலையடியில் ஊர் நாய்கள் கூட்டம் கூடிவிட்டன. அப்பா தடியோடு காவல் நின்றார். ராணியைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். ராஜாவை மட்டும் உள்ளே விட்டார். "உது சாதி நாய். ஊர் நாயோடை கலக்க விடேலாது" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். இதே அப்பாதான், எங்கள் ஆடுகளுக்குப் பட்டிக்குள்ளேயே வளர்ந்த கிடாயைச் சேர்க்காமல், சைக்கிளில் கட்டி வேலணைவரை கொண்டுபோய் வேறு கிடாயில் விட்டுக் கொண்டுவருவார். ஆட்டுக்குத் தெரிந்த நியாயம் நாய் விஷயத்தில் அவருக்கு ஏன் தெரியாமல் போனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆடு பாலுக்கும் இறைச்சிக்கும். சாதி நாய் கௌரவத்துக்கு. கௌரவம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மூளை வேலை செய்யாது.

ராணி நாலு குட்டி போட்டது. இரண்டு பிறக்கும்போதே உயிரில்லை. மூன்றாவதற்கு அண்ணம் பிளந்திருந்தது. குடித்த பால் எல்லாம் மூக்கால் வந்தது. அம்மா துணித்திரியைப் பாலில் நனைத்து, தலையைச் சரித்துப் பிடித்து, இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. மிஞ்சியது ஒன்று. வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்தது. நான் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

பஞ்சு நடக்கத் தொடங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. நாலு அடி வைக்கும், குந்திவிடும். இன்னும் நாலு அடி, பிறகு படுத்து இளைக்கும். நாக்கு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தால் கொண்டுவந்து போட்ட நாவற்கொட்டையைச் சப்பியிருக்கிறது என்று நினைத்து, அடி விழுமோ என்ற பயத்தில் அதன் வாயைத் துணியால் துடைத்தேன். நிறம் போகவில்லை. அம்மா அதைக் கண்டுவிட்டார். அடிக்கவில்லை. குட்டியைத் தூக்கி, வாயைத் திறந்து பல் முரசைப் பார்த்தார். பிறகு அதன் நெஞ்சில் காதை வைத்தார். கனநேரம் வைத்திருந்தார். இறக்கிவிட்டு, உப்பு முடிந்துபோயிற்று என்று சொல்வதுபோல, "இது நிலைக்காது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பஞ்சுவை மடியில் எடுக்கவே இல்லை. ராஜாவையும் ராணியையும் இழுப்பார், அதைத் தொடமாட்டார். அது தானாக ஊர்ந்து வந்து அவருடைய காலடியில் படுத்தால், எழும்பி வேறு இடத்தில் போய் இருப்பார். என் அம்மாவைப்போலக் கல்நெஞ்சுக்காரி உலகத்தில் இல்லை என்று நான் முடிவு கட்டினேன். ஒன்பது வயதில் அம்மாவைப் பற்றி எடுக்கிற முடிவுகளுக்கு மேன்முறையீடு கிடையாது.

நான் அழுது பிடித்த பிடியில் அப்பா ஒருநாள் குட்டியையும் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊர்காவற்றுறைக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். மூக்குக் கண்ணாடி போட்ட, மெலிந்த, எந்நேரமும் நித்திரை காணாதவர்போல் தெரிகிற மனிதர். குட்டியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கவிட்டார். உள்ளே ஏதோ அரைபடுகிற சத்தம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருக்கிறது, இங்கே செய்ய ஒன்றும் இல்லை என்றார்.

"தாயும் தகப்பனும் எவடத்து நாயள்?"

"ரெண்டும் ஒரே இடம், டொக்டர்" என்றார் அப்பா, பரீட்சைப் புள்ளி கேட்கப்பட்ட மாணவனைப்போல் நிமிர்ந்து. "ஒரே ஈத்து. ஒரு கலப்பும் இல்லை."

வைத்தியர் குழாயைக் காதிலிருந்து கழற்றினார். கோபிக்கவில்லை. இதைப் பலமுறை சொல்லி அலுத்தவராகச் சொன்னார். "ஒவ்வொரு உயிருக்குள்ளையும் ஏதோ ஒரு குறை மறைஞ்சு கிடக்கும். வெளி ரத்தம் வந்து சேர்ந்தால் அது மறைஞ்சபடியே போயிடும். ஒரே ரத்தம் ரெண்டு பக்கத்தாலையும் வந்தால் வெளிக்கிடக்கூடும். ஊர் நாயோடை விட்டிருந்தியள் எண்டால் நல்ல குட்டியள் கிடைச்சிருக்கும்."

தடியோடு காவல் நின்ற மனிதருக்கு இது தேவையா? திரும்பி வரும் வழியில் புங்குடுதீவுப் பாலத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, "வீட்டை போய் உதொண்டும் கதைக்காதை. மருந்து இல்லையாம் எண்டு மட்டும் சொல்லு" என்றார். நான் ஓம் என்றேன். ஒன்பது நாள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். என் வாய்க்கு அது பெரிய காரியம்.

பத்தாம் நாள் மாமாவும் மாமியும் வந்தார்கள். எழுத்துக்கு நாள் வைக்கத்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் எழுத்து, அதாவது பதிவு, அந்தக் கடதாசி இருந்தால்தான் பெண்ணை லண்டனுக்குக் கூப்பிடலாம், தாலி பிறகு. அம்மா விடியப்புறமே நண்டு வாங்கி வைத்திருந்தார். அக்கா சேலை கட்டியிருந்தாள். எல்லோரும் சாப்பாட்டில் இருந்தபோது பஞ்சு மேசைக்குக் கீழே வந்து படுத்து இளைக்கத் தொடங்கியது.

"ஐயோ, உது ஏன் உப்பிடி இளைக்குது?" என்றார் மாமி.

கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அப்பாவை விட்டால் அந்த மேசையில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. வகுப்பில் எனக்கு அப்படியான சந்தர்ப்பங்கள் வாய்ப்பது குறைவு.

"அதின்ரை அம்மாவும் அப்பாவும் ஒரே ரத்தம், மாமி. ஒரே ரத்தத்துக்குள்ளை கலியாணம் கட்டினால் பிள்ளைக்கு நெஞ்சிலை ஓட்டை வருமாம். டொக்டர் சொன்னவர். வெளியிலை கட்டியிருந்தால் வந்திராதாம்."

கலியாணம் என்ற சொல் வைத்தியருடையதில்லை. பெரிய ஆட்களுக்கு முன்னால் மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்று நானாகச் சேர்த்தது.

மாமாவின் கையில் இருந்த நண்டுக்கால் உடைபடாமல் நின்றது. மாமி அம்மாவைப் பார்த்தார். அப்பாவின் கை எட்டி என் பிடரியில் விழுந்தது. "நாயும் மனிசரும் ஒண்டே?" என்று மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காகூட. அம்மா சிரிக்கவில்லை. சோற்றுக் கரண்டியோடு நின்று மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டார், இன்னும் போட்டார், "காணும், காணும் தங்கச்சி" என்று மாமா கையால் மறித்த பிறகும் ஒரு கரண்டி போட்டார்.

அந்த எழுத்து நடக்கவில்லை. அவர்கள் வந்த ஐந்தாம் நாள் அம்மா தன் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை, குறை நினையாதை, எனக்கு இது சரிவராது" என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அப்பா கத்தினார். மாமா சாதகக் குறிப்பைக் கேட்டார், சாத்திரியாரைக் கேட்டார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். தன் அண்ணனுக்கு எதிர்வார்த்தை பேசியறியாத அம்மா, குசினி வாசலில் நிலையைப் பிடித்தபடி, "ஏலாது" என்ற ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. மாமா போனபிறகு எட்டு வருடம் அம்மாவோடு கதைக்கவில்லை. போன் எடுத்தால் அப்பாவோடு கதைத்துவிட்டு வைத்துவிடுவார்.

அக்கா பிறகு நயினாதீவிலிருந்து ஒரு வாத்தியாரைக் கட்டினாள். இரண்டு பிள்ளைகள், சுகமாக இருக்கிறார்கள். மச்சானும் லண்டனில் கட்டினார். அவருக்கும் பிள்ளைகள், அவர்களும் சுகம். ஆகவே அம்மா செய்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல ஒருவராலும் முடியாது. அக்கா இன்றுவரை ஏன் என்று கேட்டதில்லை. கேட்டுச் சண்டை பிடித்திருந்தால் அம்மாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் பல வருடம், அந்தக் கலியாணத்தைக் குழப்பியது என் வாய்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை மறுத்தும் சொல்லவில்லை. ஆனால் நண்டுச் சாப்பாட்டுக்கும் 'ஏலாது' என்ற சொல்லுக்கும் இடையில் இன்னொரு பயணம் இருந்தது. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்.

அவர்கள் வந்த நாலாம் நாள் காலை, அப்பா மாமாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனபிறகு, அம்மா பஞ்சுவை ஒரு பன்பைக்குள் துணி விரித்து வைத்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வேலணையில் இறங்கி ஊர்காவற்றுறை பஸ்ஸுக்கு மாறினோம். அவர் கோயிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் கல்நெஞ்சு கரைந்துவிட்டது, பஞ்சுவுக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்று பஸ்ஸில் இருந்த ஒரு மனிசிக்கும் சொல்லிவைத்தேன்.

வைத்தியர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "முந்தியைவிடக் கூடிப்போச்சு. கனநாள் தாங்காது, அம்மா." நான் அழத் தொடங்கினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"டொக்டர், மனிசருக்கும் அப்பிடியோ? சொந்தத்துக்குள்ளை கட்டினால்?"

"நான் மாடு ஆடு பாக்கிறவன், அம்மா. எல்லாருக்கும் வராது. கொஞ்சம் கூட வரலாம் எண்டு சொல்லுவினம். தலைமுறை தலைமுறையாய்க் கட்டினால் இன்னும் கொஞ்சம். நீங்கள் உதை ஆஸ்பத்திரியிலை கேக்கிறது நல்லது."

அம்மா தலையாட்டினார். வாசலில் ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். வைத்தியர் அவரைப் பார்த்தார். அம்மா எழும்பவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டொக்டர், உது தாயிலை பிழையோ?"

"ஒருத்தரிலையும் பிழை இல்லை. வயித்துக்குள்ளை இதயம் உருவாகேக்கையே வந்தது."

"வயித்திலை இருக்கேக்கை தாய் கவனமில்லாமல் ஏதும்..."

"தாய் ஓடினாலும் பாஞ்சாலும் உந்த ஓட்டை வராது, அம்மா."

"தண்ணி தூக்கினாலும் வராதோ? பாரமாய், ஒவ்வொரு நாளும் தூக்கினாலும்?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைத் திருத்தினேன். "அம்மா, எங்கட ராணி எப்ப தண்ணி தூக்கினது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆட்டுக்காரரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "வராது. நாய்க்கும் வராது, மனிசருக்கும் வராது. உங்களுக்கு ஆர் அப்பிடிச் சொன்னது?"

அம்மா பன்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்தது என் மகள் வயிற்றில் இருந்தபோது. குடத்தைத் தொடாதே, வாளியைத் தூக்காதே என்று ஊரே என்னைச் சுற்றி நின்று சத்தம் போட்டது. அம்மா ஒருவர்தான், "தூக்கட்டும், ஒண்டும் வராது" என்றார். அன்றைக்குத்தான் மிச்சத்தையும் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருக்கிறான். இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். பால் குடிக்கும்போது உதடு நீலம் பாரிக்கும், இளைக்கும், விட்டுவிட்டு அழும். நாற்பத்தொரு நாள் இருந்தான். புதைத்துவிட்டு வந்த அன்று அப்பா, "நிறைவயித்தோடை தண்ணி தூக்காதை எண்டு சொன்னனான், கேட்டனியே?" என்றார். ஒரேயொரு தடவைதான் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நல்ல மனிதர், தான் சொன்னதை மறந்தும் போயிருப்பார். அம்மா அந்த ஒரு தடவையைப் பன்னிரண்டு வருடம் தூக்கிக்கொண்டு சமைத்தார், புல்லுப் பிடுங்கினார், எங்களுக்கும் நாய்களுக்கும் தலை இழுத்தார். அவருடைய அலுப்பெல்லாம் வேலையால் வந்த அலுப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இதில் ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் அம்மா பன்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வேலணை பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, போய்விட்டது. கையை உள்ளே விட்டுப் பஞ்சுவின் நெஞ்சைத் தடவியபடி, சத்தமில்லாமல், மூக்கும் வாயும் ஒழுக, அழுதார். பெரிய மனிசர் அப்படி அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நான் அவர் பக்கத்தில் நெருங்கி இருந்து, முதுகைத் தடவிவிட்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழாதேங்கோ அம்மா. இது போனால் இன்னொண்டு பிறக்கும்தானே."

அம்மா ஓம் என்றார்.